சென்னை பொறம்போக்குப் பாடல்

சென்னை பொறம்போக்குப் பாடல், 2017 ஜனவரி 14 அன்று, பொங்கல் நாளில் யூடியூபில் வெளியான தமிழ்ப் பாடல். எழுதியவர் கபேர் வாசுகி. இசையமைத்தவர் வயலின் வித்வான் ஆர்.கே. ஸ்ரீராம்குமார். பாடியவர் டி.எம். கிருஷ்ணா. காணொலியை இயக்கியவர் ரதீந்திரன் ஆர். பிரசாத். எண்ணூர்க் கழிமுகத்தையும் அதன் வடபுறத்தில் காட்டுப்பள்ளி நோக்கி விரியும் சதுப்பு நிலங்களையும் காப்பாற்றுவதற்கான பிரசாரத்தின் பகுதியாக, 'வெட்டிவேர் கலெக்டிவ்' என்ற சென்னைக் குழுவின் முயற்சியில் இது உருவானது. கேட்பவரைத் திடுக்கிட வைத்த சங்கதிகள் இரண்டு. தெருவில் வசவாகப் புழங்கும் ஒரு சொல் கர்நாடக இசையில் பல்லவியாக ஏறியிருந்தது; அதைப் பாடியவர், முந்தைய ஆண்டுதான் மகசேசே விருது பெற்றிருந்த முன்னணிப் பாடகர்.

சொல்லின் கதை

புறம்போக்கு என்பது வருவாய்த்துறைச் சொல். வரி விதிப்புக்குப் புறமே போகும் நிலம், அதாவது தனியார் பெயரில் பட்டா இல்லாமல் ஊர்ப் பொதுவுக்கென்று ஒதுக்கி வைத்த நிலம் புறம்போக்கு. பேச்சுவழக்கில் அது 'பொறம்போக்கு' ஆயிற்று.

சொல்லைவிட ஏற்பாடு பழையது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் ராஜராஜன் வெட்டுவித்த கல்வெட்டுகள் ஊர்களின் நில அளவைச் சொல்லும்போது ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊரின் ஊடே ஓடும் வாய்க்கால்கள், சேரிகள், சுடுகாடு ஆகியவற்றைக் கழித்துவிட்டு மீதிக்கே இறை கணக்கிடுகின்றன. கழித்த பகுதி இறையிலி. எல்லாருக்கும் வேண்டியது என்பதால் அதன்மேல் யாருக்கும் வரி இல்லை.

பிரிட்டிஷார் காலத்தில் தாமஸ் மன்றோ வேரூன்றச் செய்த ரயத்துவாரி முறை, நிலத்தை உழுபவர் பெயரோடு பிணைத்து வரி வாங்கியது. பெயர் எழுத முடியாத நிலங்களுக்கும் கணக்கில் ஓர் இடம் வேண்டியிருந்தது. புறம்போக்கு என்ற தலைப்பு அங்கே உறுதிப்பட்டது. இன்றும் கிராம நிர்வாக அலுவலரின் 'அ' பதிவேட்டைப் புரட்டினால் ஏரிப் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு, வண்டிப்பாதைப் புறம்போக்கு, களம் புறம்போக்கு, சுடுகாட்டுப் புறம்போக்கு என்று ஓர் ஊரின் பொதுவாழ்க்கை முழுவதும் பட்டியலாக விரியும். 1905ஆம் ஆண்டின் சென்னை நில ஆக்கிரமிப்புச் சட்டம் இந்த நிலங்களில் குடியேறுவோரை அப்புறப்படுத்த அரசுக்கு அதிகாரம் தந்தது.

வரி தராத நிலம் கஜானாவின் கண்ணில் பயனற்ற நிலம். அந்தப் பார்வை ஊர் வாயிலும் ஏறியது. உதவாக்கரை, ஊர்சுற்றி, கேட்பாரற்றவன் என்ற பொருளில் மனிதரைப் பார்த்துச் சொல்லும் திட்டாகப் புறம்போக்கு மாறியது. தமிழ்த் திரைப்பட வசனங்களில் இந்த வசவு சர்வசாதாரணம்.

சொல்லை மீட்கும் முயற்சி இந்தப் பாடலோடு தொடங்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று ஜக்பால் சிங் எதிர் பஞ்சாப் அரசு வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், கிராமப் பொது நிலங்களின் ஆக்கிரமிப்புகளை அகற்ற மாநில அரசுகளுக்கு ஆணையிட்டபோது, வட இந்தியாவின் 'ஷாம்லாத் தே'யோடு தென்னிந்தியாவின் புறம்போக்கையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. 2015 மே மாதம் எஸ்.பி. ஜனநாதன் தம் படத்துக்கு 'புறம்போக்கு என்கிற பொதுவுடமை' என்றே பெயரிட்டார். ஆனால் தீர்ப்பு வழக்கறிஞர்களோடு நின்றது. படத்தின் கதைக்களம் சிறைச்சாலை. நிலத்தையும் வசவையும் ஒன்றாகப் பிடித்து உலுக்கியது பாடல்தான்.

ஊரும் கழிமுகமும்

பாடல் நிற்கும் நிலத்தைத் தெரிந்துகொள்ளாமல் பாடலைத் தெரிந்துகொள்ள முடியாது. கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் இடம் எண்ணூர் முகத்துவாரம். அங்கிருந்து வடக்கே பழவேற்காடு வரை, கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே ஒடுங்கிய மணல்திட்டு ஒன்று நீள்கிறது. திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தைச் சேர்ந்த காட்டுப்பள்ளி இந்தத் திட்டின்மேல் இருக்கிறது. கிழக்கே வங்கக் கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாயும் ஆற்று நீர்ப்பரப்பும். மீனவர் இந்தக் கழியை 'ஆறு' என்றுதான் சொல்கிறார்கள். கடலுக்குப் போகிறவர் கடல் தொழில், கழியில் இறாலும் நண்டும் பிடிக்கிறவர் ஆற்றுத் தொழில். சற்று வடக்கே பழவேற்காடு ஏரியில், எந்த ஊர் எந்த இடத்தில் எந்த நாள் வலை போடலாம் என்பதை முறைவைத்துப் பகிரும் 'பாடு' என்ற ஏற்பாடு தலைமுறைகளாக நடக்கிறது. பட்டா இல்லாத நீரைச் சண்டையில்லாமல் பங்கிட்டுக்கொள்ளும் வழி அது.

இந்த நிலத்தில்தான் சென்னையின் மின்சாரமும் நிலக்கரியும் வந்து குவிந்தன. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970களில் நிலைபெற்றது. 1990களில் வடசென்னை அனல்மின் நிலையம் வந்தது. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் நாட்டின் 12ஆவது பெருந்துறைமுகமாகத் திறக்கப்பட்டது. பிற்பாடு அதற்குக் காமராஜர் பெயர் சூட்டினார்கள். வல்லூரில் 1,500 மெகாவாட் மின் நிலையம் எழுந்தது. 2010 ஜூலையில் காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறக்கப்பட்டது. அது நிற்கும் ஊர் காட்டுப்பள்ளியானாலும் வழங்கும் பெயர் மீஞ்சூர் ஆலை. 2013 ஜனவரியில் எல் அண்ட் டி நிறுவனத்தின் காட்டுப்பள்ளித் துறைமுகம் சரக்குப் பெட்டகங்களைக் கையாளத் தொடங்கியது. மணலியில் தொடங்கிக் கும்மிடிப்பூண்டி சிப்காட் வரை நீளும் தொழிற்பட்டையின் கடலோர முனை இது.

அனல்மின் நிலையத்தில் எரிந்து முடிந்த நிலக்கரிச் சாம்பலை நீரில் கரைத்துக் குழம்பாக்கி, குழாய் வழியே சாம்பல் குட்டைக்கு அனுப்புவார்கள். குழாய் துருப்பிடித்து உடையும் இடங்களில் அந்தக் குழம்பு ஆற்றில் இறங்குகிறது. ஆழம் குறைந்து, சேறு இறுகி, இறால் ஒதுங்கும் இடங்கள் மூடிப்போயின. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம் மீனவர்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்த புகார் இது. 2015 நவம்பர், டிசம்பர் மாதங்களில் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய பிறகுதான், மழைநீர் வடிய ஒரு கழிமுகம் வேண்டும் என்ற செய்தி நகரத்தின் காதில் விழுந்தது.

இங்கே புறம்போக்கு என்ற சொல்லுக்கு இன்னொரு முகமும் உண்டு. அரசு ஆவணங்கள் புறம்போக்கை 'ஆட்சேபணையற்றது', 'ஆட்சேபணைக்குரியது' என்று இரண்டாகப் பிரிக்கின்றன. நீர்நிலைப் புறம்போக்கு ஆட்சேபணைக்குரியது. அதில் குடிசை போட்டவருக்குப் பட்டா கிடையாது. ஆனால் அதே வகை நிலத்தில் நிலக்கரிக் கிடங்கும் சாம்பல் குட்டையும் எழ முடிகிறது என்பதுதான் எண்ணூர்ப் பிரசாரத்தின் மையக் கேள்வியாக இருந்தது.

இரவல் மெட்டில் ஒரு முன்னோடி

பொறம்போக்குப் பாடலுக்கு ஓர் அக்காள் உண்டு. அவள் பிறந்தது கொடைக்கானல் விவகாரத்தில்.

கொடைக்கானலில் 1980களில் தொடங்கிய பாதரச வெப்பமானித் தொழிற்சாலை, பின்னர் இந்துஸ்தான் யூனிலீவர் கைக்கு வந்து, 2001இல் மூடப்பட்டது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் பழைய சாமான் கடையில் கிடந்தது தெரியவந்ததுதான் மூடலுக்கு வழிவகுத்தது. முன்னாள் தொழிலாளர்கள் இழப்பீடு கேட்டு 15 ஆண்டுகள் அலைந்தார்கள். 2015 ஜூலை 30 அன்று 'கொடைக்கானல் வோன்ட்' என்ற ராப் பாடல் யூடியூபில் வெளியானது. பாடியவர் சென்னையில் வளர்ந்த சோஃபியா அஷ்ரஃப். காணொலியை இயக்கியவர் இதே ரதீந்திரன் பிரசாத். பின்னால் நின்றதும் இதே வெட்டிவேர் குழுவினர்.

அந்தப் பாடலின் மெட்டு இரவல். அமெரிக்க ராப் பாடகி நிக்கி மினாஜ் 2014இல் வெளியிட்ட 'அனகோண்டா'வின் தாளத்தில் கொடைக்கானலின் கதையை ஏற்றியிருந்தார்கள். அனகோண்டாவே சுயம்பு அல்ல. சர் மிக்ஸ்-அ-லாட் 1992இல் பாடி ஐந்து வாரம் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்த 'பேபி காட் பேக்' பாடலின் துண்டுகளை எடுத்துக் கட்டியது அது. அந்த 1992 பாடலும் அதற்கு முந்தைய மின்னிசைப் பதிவொன்றிலிருந்து கடன் வாங்கியது. சர் மிக்ஸ்-அ-லாட்டின் ஊரான சியாட்டிலில் உடலழகைக் கொண்டாடக் கட்டிய தாளம் கைமாறிக் கைமாறி, பழனி மலைத்தொடரில் பாதரச நச்சுக்கு ஆளான தொழிலாளருக்காக வந்து நின்றது. நிக்கி மினாஜ் ட்விட்டரில் அந்தக் காணொலியைப் பகிர்ந்தார். ஒரு வாரத்துக்குள் 10 லட்சம் பார்வைகளைத் தாண்டியது. 2016 மார்ச்சில் நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டது. நீண்ட போராட்டத்தின் கடைசி எட்டில் பாடலும் ஒரு கை கொடுத்தது.

பிறர் மெட்டில் தன் சரக்கை ஏற்றுவது தமிழுக்குப் புதிதல்ல. நாடகக் கம்பெனிகளின் பாட்டுப் புத்தகங்களில் பாடலுக்கு மேலே 'வர்ணமெட்டு' என்று போட்டு, எந்தப் பழைய பாட்டின் இசையில் பாட வேண்டும் என்று அச்சிடுவார்கள். மக்களுக்கு மெட்டு ஏற்கெனவே தெரியும். சொல்லை மட்டும் புதிதாகக் கற்றால் போதும். இந்த உத்தியை அரசியலுக்குத் திருப்பியவர்களில் முதன்மையானவர் சுப்பிரமணிய பாரதி. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை மெட்டுகளை எடுத்து, மிதவாதக் காங்கிரஸ்காரர்களைக் கேலி செய்யும் பாடல்களை அவர் எழுதினார். நந்தனின் ஆண்டையும் சேரி மக்களும் பேசிய மெட்டில் மிதவாதத் தலைவர் மேத்தாவும் அவரை எதிர்த்த புதிய கட்சியாரும் வந்து பேசினார்கள். மூலப் பாட்டு தெரிந்தவருக்குக் கேலி இரட்டிப்பாக உறைத்தது. கொடைக்கானல் பாடலும் இதே நுட்பத்தில் இயங்கியதுதான். ஆனால் சொல் ஆங்கிலம், மெட்டு அமெரிக்கா. ராப் கேட்கும் இளைஞரிடம் அது போய்ச் சேர்ந்தது. காட்டுப்பள்ளிக்காரர் வாயில் நுழைய அதில் வழியில்லை.

எழுத்தும் இசையும்

எண்ணூருக்கான பாடல் வேறு பாதையில் போனது. இரவல் மெட்டு இல்லை, ஆங்கிலம் இல்லை. ஆனாலும் அது ஒரு பொதுச் சொத்தில்தான் கை வைத்தது: ராகம். ஆனந்தபைரவிக்கோ சிந்துபைரவிக்கோ யாரும் பதிப்புரிமை கோர முடியாது. தியாகராஜர் பாடிய ராகத்தில் தெருப்பாடகரும் பாடலாம். வேறு வார்த்தையில் சொன்னால் ராகங்கள் இசையின் புறம்போக்கு. நடைமுறையில் அந்தப் பொது நிலத்துக்கும் யார் யாரோ வேலி போட்டிருந்தார்கள் என்பதுதான் கிருஷ்ணா அதற்கு முன்பே எழுப்பிவந்த விவாதம். 2013இல் வெளியான தம் ஆங்கில நூலில் கர்நாடக இசையுலகின் சாதியத்தைப் பேசினார். 2015இல் டிசம்பர் இசை விழாவில் இனிப் பாடுவதில்லை என்று அறிவித்தார். பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவர் தெருவில் கச்சேரியும் பறையும் வில்லுப்பாட்டும் ஒரே மேடையில் நிகழும் விழா தொடங்கக் காரணமானவர்களில் ஒருவராக இருந்தார்.

கபேர் வாசுகி திரைக்கு வெளியே தன் பாடல்களைத் தானே எழுதிப் பாடிவந்த சென்னை இசைஞர். அவர் எழுதிய வரிகள் முழுக்க முழுக்கச் சென்னைப் பேச்சுத் தமிழ். பொறம்போக்கு உனக்கும் எனக்கும் சொந்தமில்லை, ஊருக்கும் பூமிக்கும் உரியது என்பது அதன் சாரம். வெள்ளம் வந்தபோது நகரத்தைக் காப்பாற்றியிருக்க வேண்டிய ஏரிகளும் சதுப்பும் என்ன ஆயின என்று கேட்கிறது. வளர்ச்சி, வேலைவாய்ப்பு என்று காரணம் சொல்லி ஆற்றை மறிப்பதைச் சாடுகிறது. கடைசியில், வசவாக எறிந்த சொல்லைப் பாடுபவர் தானே ஏந்திக்கொள்கிறார். கேட்பவருக்கும் அதையே சூட்டுகிறார். திட்டு அங்கே முகவரியாகிறது.

இந்த மொழியைக் கர்நாடக இசையில் உட்கார வைப்பது எளிய வேலை இல்லை. 1940களின் தமிழிசை இயக்கம், கச்சேரியில் தமிழுக்கு இடம் கேட்டுப் போராடி வென்றபோது அது கேட்ட தமிழ் தேவாரமும் கீர்த்தனையுமான செந்தமிழ். பேச்சுத் தமிழுக்கு முன்னோர் அறவே இல்லையா என்றால், உண்டு. நந்தனார் சரித்திரத்தில் கோபாலகிருஷ்ண பாரதி 19ஆம் நூற்றாண்டிலேயே கொச்சையைத் தாராளமாகப் புழங்கியிருக்கிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அதற்குச் சிறப்புப்பாயிரம் தரத் தயங்கினார் என்பது இலக்கிய வரலாற்றில் பிரபலமான கதை. ஆனால் அது பண்ணையாட்கள் பேசும் காவிரிப் பகுதிக் கொச்சை. வடசென்னைப் பேச்சு அதுவரை அந்தப் பகுதியின் தெருப்பாட்டான கானாவின் சொத்தாகவே இருந்தது.

ஸ்ரீராம்குமார் பாடலை ராகமாலிகையாக அமைத்தார். ஆனந்தபைரவி, பேகடை, ஹமீர்கல்யாணி, தேவகாந்தாரி, சாலகபைரவி, சிந்துபைரவி என ஆறு ராகங்கள். தொடக்கத்துக்கு ஆனந்தபைரவி பொருத்தமான தேர்வு. சியாமா சாஸ்திரியின் கையில் உருகும் ராகம்; அதே சமயம் ஊஞ்சல் பாட்டிலும் நாட்டுப்புற மெட்டிலும் கேட்டுப் பழகியது. சபாவும் தெருவும் ஒரேபோல அடையாளம் காணக்கூடிய நுழைவாயில் அது. பேகடையும் தேவகாந்தாரியும் கச்சேரி ரசிகருக்கு உரிய கனத்தைத் தருகின்றன. சாலகபைரவி அடிக்கடி கேட்கக் கிடைக்காத ராகம். தியாகராஜரின் 'பதவி நீ' கீர்த்தனையால் அறியப்பட்டது. கச்சேரியின் இறுதியில் துக்கடாவுக்கென்றே வைத்திருக்கும் சிந்துபைரவி இங்கேயும் இறுதியில் வருகிறது. அடுத்தடுத்து ராகம் மாறும்போது கேள்வியின் தொனியும் மாறுகிறது. அறிமுகம், நையாண்டி, புலம்பல், எச்சரிக்கை என்று ஒவ்வொன்றாக ஏறுகிறது.

நையாண்டிக்கு, சுரங்களை அசைத்துப் பாடும் கமகம் ஒரு கருவியாக அமைந்தது எதிர்பாராத விளைவு. வழக்கமாக இறைவன் பெயரில் நின்று சுழலும் சங்கதிகள் 'பொறம்போக்கு' என்ற சொல்லின் வல்லின றகரத்திலும் மெல்லின மகரத்திலும் நின்று சுழலும்போது, முதல்முறை கேட்பவர் சிரிக்கிறார். இரண்டாம் முறை சொல் மட்டும் காதில் நிற்கிறது.

படமும் வெளியீடும்

காணொலியில் அரங்கம் இல்லை. எண்ணூரின் புகைபோக்கிகளும் சாம்பலும் கலங்கிய நீருமே பாடகருக்குப் பின்னணி. வரிகளுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் திரையில் ஓடியதால் தமிழறியாதவரும் பின்தொடர முடிந்தது. பக்கவாத்தியங்கள் முறையான கச்சேரிக்குரியவை. காட்சிக்கும் ஒலிக்கும் இடையே உள்ள இந்த இழுபறிதான் காணொலியின் உயிர்: கண் பார்ப்பது அழிமானம், காது கேட்பது ஆறு ராகங்களின் நயம்.

வெளியான நேரமும் அதற்கு உதவியது. பாடல் வந்த மூன்றாம் நாள் மெரினாவில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் திரண்டது. பொது இடம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியைச் சென்னை முழுவதும் கடற்கரையில் உட்கார்ந்து ஒரு வாரம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கூட்டம் கலைந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஜனவரி 28 அதிகாலை, எண்ணூர்க் கடலில் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே 'பி.டபிள்யூ. மேப்பிள்', 'டான் காஞ்சிபுரம்' என்ற இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் கொட்டிக் கரையோரமாகத் தெற்கே பரவியது. எண்ணூர்க் கரையில் மீனவரும் மாணவரும் வாளி வாளியாகக் கறுப்புக் குழம்பை அள்ளும் படங்கள் உலகச் செய்திகளில் வந்தன. பொங்கலுக்குப் பாடலில் கேட்ட ஊரின் பெயரை, மாதம் முடிவதற்குள் எல்லாரும் செய்தியில் கேட்டார்கள்.

வரவேற்பு

பாராட்டு இரண்டு திசையிலிருந்து வந்தது. சூழலியல் வட்டாரத்தில், நில வகைப்பாடு போன்ற வறட்டு விஷயத்தை ஒன்பது நிமிடப் பாட்டில் பாமரருக்கும் புரியவைத்த சாதனையாகப் பார்த்தார்கள். இசை வட்டாரத்தில், கர்நாடக வடிவம் சமகால அரசியலைத் தாங்கும் என்பதற்கான சான்றாகப் பேசினார்கள். கச்சேரி மேடையில் படமும் புகைபோக்கியும் இல்லாமல் கிருஷ்ணா இதைப் பாடியபோது, பாடல் வேறொரு வடிவம் கொண்டது. சொடுக்கிப் பார்க்கும் காணொலியாக இருந்தது, தாளம் போட்டுக் கேட்கும் உருப்படியாயிற்று. பின்னர் எழுத்தாளர் பெருமாள்முருகன் எழுதிய கீர்த்தனைகளைக் கிருஷ்ணா மேடையேற்றியபோது அந்த வழி ஏற்கெனவே திறந்திருந்தது.

எதிர்க்குரலும் உண்டு. கலையைப் பிரசாரத்துக்கு இறக்கிவிட்டார் என்றது ஒரு தரப்பு. குப்பத்து மக்களின் துயரத்தை மயிலாப்பூர்க் குரலில் கேட்டால்தான் நகரத்துக்கு உறைக்குமா என்றது இன்னொரு தரப்பு. இரண்டாவது கேள்வி கூர்மையானது. வடசென்னையின் கானாப் பாடகர்கள் தம் ஊரின் சாவையும் சாக்கடையையும் பல தலைமுறையாகப் பாடித்தான் வந்திருக்கிறார்கள். அவர்கள் பாடியபோது அது செய்தியாகவில்லை. கிருஷ்ணா தம் பேச்சுகளில் தட்டிக் கேட்டுவந்த அதே ஏற்றத்தாழ்வுதான் இந்தப் பாடலைப் பரவலாகக் கொண்டுசேர்க்கவும் துணைநின்றது.

2017 அக்டோபர் இறுதியில் நடிகர் கமல்ஹாசன் எண்ணூர்க் கழிமுகத்தைப் போய்ப் பார்த்தார். அரசியலில் இறங்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. அதே ஆண்டு வரைபடச் சர்ச்சை ஒன்றும் வெடித்தது. 1996இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த கடலோர வரைபடத்தில் நீர்ப்பரப்பாகக் காட்டிய பெரும்பகுதியைப் பிந்தைய வரைபடம் விட்டுவிட்டது என்று பிரசாரக் குழுவினர் ஆவணங்களோடு குற்றம்சாட்டினார்கள். தரையில் நிரப்புவதற்கு முன்னால் தாளில் நிரப்பிவிடுகிறார்கள் என்பது அவர்கள் வாதம்.

பாடலுக்குப் பின்

2017 மார்ச் 31 அன்று பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் நிரந்தரமாக மூடப்பட்டது. அதன் வயது காரணம், பாடல் அல்ல. 2018 ஜூனில் அதானி குழுமம் காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் 97 விழுக்காட்டுப் பங்கை ரூ.1,950 கோடிக்கு வாங்கியது. அடுத்து வந்த விரிவாக்கத் திட்டம் எல்லாரையும் நிமிர்ந்து பார்க்க வைத்தது. சுமார் 330 ஏக்கரில் இருந்த துறைமுகத்தை 6,110 ஏக்கராக்குவது, ஆண்டுக்கு 24.65 மில்லியன் டன்னாக இருந்த சரக்குக் கொள்ளளவை 320 மில்லியன் டன்னாக உயர்த்துவது, மதிப்பீடு ரூ.53,000 கோடிக்கு மேல். கேட்ட இடத்தில் ஒரு பகுதி கடலையே தூர்த்து உண்டாக்க வேண்டியது. கடலுக்கும் பழவேற்காடு ஏரிக்கும் நடுவே இருக்கும் மணல்திட்டு அரித்து அறுந்துபோகும் என்று மீனவரும் சூழலியலாளரும் எதிர்த்தார்கள். 2021 ஜனவரி 22க்குக் குறித்த பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. 2023 செப்டம்பர் 5க்கு மறுபடி தேதி குறித்தார்கள், அதுவும் நடக்கவில்லை.

2022இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, மீனவர் தொடுத்த வழக்கில், கொசஸ்தலை ஆற்றில் படிந்த சாம்பலுக்கு மின்வாரியத்தைப் பொறுப்பாக்கிச் சதுப்பு நிலத்தைச் சீரமைக்க உத்தரவிட்டது. பாடல் கேள்வியாகக் கேட்டதில் ஒரு பகுதி, சட்ட மொழியில் ஆணையாக வந்தது.

பாடகரின் பயணமும் வளைந்து திரும்பியது. சென்னை மியூசிக் அகாடமி 2024ஆம் ஆண்டுக்கான சங்கீத கலாநிதியாகக் கிருஷ்ணாவை அந்த ஆண்டு மார்ச்சில் அறிவித்தது. சக கலைஞர் சிலர் விழாவிலிருந்து விலகினார்கள். விவகாரம் நீதிமன்றம் வரை போயிற்று. அந்தச் சர்ச்சையில் பேசப்பட்டவை பெரும்பாலும் அவருடைய கருத்துகள்.

அந்த அறிவிப்புக்குச் சில மாதங்கள் முன்பு, 2023 டிசம்பர் தொடக்கத்தில், மிக்ஜாம் புயல் மழையோடு மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் வெள்ளத்தில் கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்துக்குள் இறங்கியது. கூழைக்கடாக்களின் வெள்ளை இறகு கறுத்தது. படகுகளும் வலைகளும் வீட்டுச் சுவர்களும் எண்ணெய்ப் பூச்சு ஏறி நின்றன. முகத்துவாரக் குப்பங்களின் மீனவர்கள் குவளையால் அள்ளிப் பீப்பாய்களில் ஊற்றினார்கள், 2017இல் வாளி. அந்த அள்ளல் முடிவதற்குள் மார்கழி பிறந்தது, மயிலாப்பூர் சபாக்களில் கச்சேரி தொடங்கியிருந்தது.